மேய்க்காலில் கூடிய கிராமசபை

எனக்கு ஆப்பிரிக்கா தெரியும். சைபீரியாவும் தெரியும். அமேசான் காட்டில் எத்தனை அடுக்கு மரம், எந்த அடுக்கில் எந்தக் குரங்கு இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சேலத்துக்குத் தெற்கே நான் போனதில்லை. எல்லாம் தொலைக்காட்சியில் தமிழில் பேசவைத்துப் போடுகிற விலங்குப் படங்களின் புண்ணியம். ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, உலை வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு என்னை யாரும் அசைக்க முடியாது. பக்கத்து வீட்டில் நாடகம் ஓடும். எங்கள் வீட்டில் பனிக்கரடி ஓடும். என் வீட்டுக்காரர், "கல்யாணத்தப்பவே சொல்லியிருந்தா சீருக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி கேட்டிருப்பன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இத்தனையும் தெரிந்த நான்தான் எங்கள் ஊர் மேய்க்காலைக் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக் கொடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்த மாதிரி வந்து சொல்லக்கூடாது.

காரிமங்கலத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு பேருந்துதான். ஊருக்கு வடக்கே கரடு என்று ஒரு சின்னக் கல்குன்று, அதன் அடியில் சரிந்து கிடக்கிற பொது நிலம்தான் மேய்க்கால். பட்டா யாருக்கும் கிடையாது, ஆடு மாடு எல்லாருக்கும் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் ஊசிப் புல்லும்தான் அங்கே குடித்தனக்காரர்கள். நடுநடுவே எட்ட எட்ட ஒரு வெள்வேல மரம் குடை விரித்தாற்போல நிற்கும். என்னிடம் முப்பத்தோரு மேச்சேரிச் செம்மறிகள் இருக்கின்றன. எங்கள் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் மழை பெய்தால் ராகி தரும், பெய்யாவிட்டால் கையை விரிக்கும். ஆடுகள் அப்படி இல்லை. என் பெண்ணை நர்சிங் படிக்கவைத்தது அந்த ஆடுகள். மேய்க்கால் போனால் ஆடு போகும், ஆடு போனால் நான் கட்டட வேலைக்குச் செங்கல் தூக்கத்தான் போக வேண்டும்.

மேய்க்காலுக்கு ஒரு கட்டு உண்டு. ஆடியில் முதல் மழை விழுந்ததும் நுழைவாயில் இரண்டு கல்லுக்கும் நடுவே வேப்பிலை செருகிய கயிறு கட்டிவிடுவார்கள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை கயிறு அவிழ்க்கும்வரை ஒரு கால்நடை உள்ளே கால் வைக்கக்கூடாது. மீறினால் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு குடம் விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த இரண்டரை மாதத்தில்தான் புல் வளர்ந்து, கதிர் விட்டு, விதை கொட்டும். ஆடுகளைக் கரட்டு மேலேயும் ஏரிக்கரையிலும் ஓட்டிச் சமாளித்துக்கொள்வோம். இந்தக் கட்டினால் ஒரு சங்கடமும் உண்டு. மேய்க்கால் அழகாக இருக்கிற நாளில் ஊரில் ஒருத்தரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆடு இல்லாதவர்களுக்கு எப்போதுமே அங்கே வேலை இல்லை. அவர்கள் தூரத்திலிருந்து பார்த்ததெல்லாம் கோடையில் காய்ந்து கிடக்கிற மேய்க்காலைத்தான்.

மே தினத்துக் கிராமசபையில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஊராட்சி எழுத்தர் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, பிறகு 'புறம்போக்கில் மரக்கன்று நடுதல்.' மரம் நடுவது நல்ல காரியம்தானே என்று தலையாட்டினேன். எந்தப் புறம்போக்கு என்று கேட்க வாய் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. புத்தகம் கைக்கு வந்ததும் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பத்து நாள் கழித்து மேய்க்காலில் சுண்ணாம்புக் கோடு விழுந்திருந்தது. ஆட்காட்டிக் குருவி ஒன்று என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. கீழே பார்த்தால் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள், அவற்றின் மேலேயே கோடு போயிருந்தது. முட்டை உடையவில்லை, வெள்ளை அடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம். கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கோட்டின் மறுமுனையில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றது என் கொழுந்தன்.

அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்களோடு எங்கேயாவது போய் மரம் நட்டுவிட்டு வருவான். குடிக்கமாட்டான், சீட்டு ஆடமாட்டான். நல்ல பிள்ளை, அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன்.

"அண்ணி, இந்தப் பொட்டக்காட்ட நாலு வருசத்துல காடா மாத்திக் காட்டறங்க" என்றான்.

"பொட்டக்காடுன்னு யாரு சொன்னது?"

செல்போனை நீட்டினான். சித்திரையில் எடுத்த படம். சிவந்த மண், கல், அங்கங்கே சாம்பல் நிறத்தில் புல்லின் மொட்டைத் தூறு.

"சித்திர வெயில்ல உன்ன ஒரு மாசம் தண்ணி இல்லாம நிக்க வச்சு படம் புடிச்சா நீயும் இப்படித்தான் இருப்ப" என்றேன்.

அவன் சிரித்தான். கன்றுகளை ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றிலும் ஆள் ஆழத்துக்கு அகழி வெட்டப்போவதாகவும், அண்ணி கோபிக்கக்கூடாது என்றும், கரட்டின் மேல் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றும் பதமாகச் சொன்னான். அந்தப் பதம்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நேராக ஊராட்சித் தலைவர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா என் வயதுதான், நியாயமானவர். புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "கிராமசபை போட்ட தீர்மானத்த கிராமசபதான் மாத்தணும். நான் ஒருத்தி மாத்த முடியாதும்மா. அதோட ஏழாவது கையெழுத்து யாரோடதுன்னு பாரு." பார்த்தேன். என் கையெழுத்து கோணல்மாணலாக ஓடிக்கொண்டிருந்தது, நான் அன்றைக்கு ஓடிய மாதிரியே. அவமானத்தில் முகம் சுட்டது. வீட்டுக்கு வந்து அன்றைக்கு யானைப் படம்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்துக் கிராமசபையில் எழுந்து நின்று பேசினேன். மேய்க்காலில் மரம் வேண்டாம் என்றேன். முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் திரும்பிப் பார்த்து, "மரம் இருந்தாத்தாம்மா மழ" என்றார். கூட்டம் கைதட்டியது.

"மரத்த வேணாம்னு நான் எப்பங்க சொன்னன்? ஏரிக்கரையில நடுங்க, பள்ளிக்கூடத்துல நடுங்க, நானே தண்ணி ஊத்தறன். கொழம்புல போடற புளிய பால்ல ஊத்தாதீங்கன்னுதான் சொல்றன்."

"ஆட்டுக்காரி ஆட்டுக்குத்தான் பேசுவா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமா, ஆட்டுக்குத்தான் பேசறன். அதுங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தெரிஞ்ச நான் போட்டதுதான் தப்பு" என்றேன்.

சிரித்துவிட்டார்கள். சிரித்தார்களே தவிர ஒரு கைகூட என் பக்கம் தூக்கவில்லை. தலைவர் மட்டும் ஒன்று செய்தார். அகழி வெட்டும் வேலை கிழக்கு ஓரத்தோடு நிற்கட்டும், ஒரு வரிசைக் கன்று நட்டுப் பார்க்கட்டும், மீதியை அக்டோபர் இரண்டாம் தேதி சபையில் பேசிக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கிடைத்தது ஒன்றரை மாதம்.

அந்த மாதக் கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் நன்றாக ஊற்றியது. மூன்றாம் நாள் காலையில் அகழி என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனேன். ஜேசிபி வெட்டிய அகழிச் சுவரை மழை கழுவிவிட்டிருந்தது. சுவர் முழுக்க முடி தொங்குகிற மாதிரி வேர். மேலே நிமிர்ந்து பார்த்தால் ஒரு கொழுக்கட்டைப் புல் தூறு, என் முழங்கால் உயரம்கூட இல்லை. ஓடிப்போய் வீட்டிலிருந்து குடத்தை எடுத்துவந்து, மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைத்தேன். வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது. தொலைக்காட்சியில் வட அமெரிக்காவின் புல்வெளியைக் காட்டும்போது இப்படித்தான் மண்ணை வெட்டிக் காட்டுவார்கள். மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு. அங்கே புல்லை உழுதுபோட்டதும் மண் புழுதியாகப் பறந்ததையும் காட்டினார்கள். இவ்வளவு பார்த்தவளுக்கு இருபது வருடமாக நான் மிதித்து நடக்கிற மண்ணுக்கடியிலும் அதேதான் இருக்கிறது என்று தோன்றவே இல்லை. என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் காலையில் இருந்த சந்தோஷம் என் பெண் பாஸான அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்ததும் கையோடு கூட்டிப்போனேன்.

"எறங்கு."

"எதுக்குங்க அண்ணி?"

"எறங்குன்னா எறங்கு."

இறங்கினான். அகழி அவன் நெஞ்சுவரை வந்தது. "இந்தப் புல்லு எவ்ளோ ஒசரம்?" என்றேன். கையை வைத்துக் காட்டினான். "வேரு?" நாடாவை எடுத்து அளந்தான். நெஞ்சிலிருந்து பாதம்வரை வந்தது, அதற்குக் கீழேயும் மண்ணுக்குள் போயிருந்தது. குனிந்து விரலால் தோண்டினான். இன்னும் போயிற்று.

"உன் கன்னோட வேரு?"

நட்ட வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பாதிக் கன்றுகள் மழை பெய்த பிறகும் இலை சுருண்டு நின்றன. தோண்டிய மண்ணைக் குவித்த இடமெல்லாம் சேறாகி, சிவப்புத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், புல் இருந்த பக்கத்திலிருந்து கசிந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவனே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நம்மூரு மழ என்ன, தெனம் பெய்யுதா? ரெண்டு மாசம் பெய்யும், மத்த நாளு சுடும். மரக்காடு வரணும்னா சித்தேரி மலமேல மாதிரி மேகம் வந்து தங்கணும். இங்க மேகம் தங்காது, அதனால இதுங்க மண்ணுக்குள்ள வூடு கட்டிக்குதுங்க. நீ சித்திரையில படம் புடிச்சது கூரையத்தான். வூட்ட இல்ல" என்றேன்.

அவன் அகழி விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். "சரிங்க அண்ணி. ஆனா வெறும் புல்லுதானங்க?"

அவனுக்கு ஒரு பெரிய ஆசை உண்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கமும் வரிக்குதிரையும் பார்க்க வேண்டும். மூன்று வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டுக்கு வந்தால் என்னோடு உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்ப்பவன் அவன் ஒருத்தன்தான்.

"ஆப்பிரிக்கா போறியே, கடப்பாறையும் கன்னும் எடுத்துட்டுப் போவியா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க?"

"அங்கயும் மரம் கம்மிதானே. பாவம், சிங்கம் வெயில்ல கெடக்குது. நாலு புங்கன் நட்டுட்டு வா."

வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன் எதிரே நின்ற வெள்வேல மரத்தைப் பார்த்தான், அதற்கு அப்பால் காற்றில் சாய்ந்து எழுந்த புல்லைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அங்க சிங்கம் இருக்குதுங்க அண்ணி. இங்க என்ன இருக்குது?" என்று கேட்டான். அவன் வாதாடுகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"காலையில ஆறு மணிக்கு வா. பேசாம உக்காரணும்."

நான்கு ஞாயிறு வந்தான். முதல் ஞாயிறு அரை மணி நேரம் கொசுவை அடித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றான். பிறகு ஒரு வானம்பாடி புல்லிலிருந்து நேராக மேலே ஏறி, நின்ற இடத்திலேயே பாடிவிட்டுக் கல் விழுகிற மாதிரி விழுந்தது. அதன் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று கேட்டான். மரத்தில் இல்லை, உன் செருப்புக்கு இரண்டு அடி தள்ளி இருக்கிறது என்று காட்டினேன். காலைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் கொக்கு மாதிரி நின்றான். அடுத்த வாரம் கவுதாரி குஞ்சுகளோடு கடந்துபோனது. முயல் வந்தது. ஒரு நரி எங்களைப் பார்த்துவிட்டு, மதிக்காமல் தன் வழியில் போயிற்று. அவன் செல்போனில் குறித்துக்கொண்டே இருந்தான்.

கடைசி ஞாயிறு செப்டம்பர் முடியப்போகிற நேரம். புல் இடுப்பளவு நின்றது. அதன் தலைமேல் உரசுகிற உயரத்தில் நீண்ட இறக்கையோடு ஒரு பருந்து மிதந்து வந்தது. ஒவ்வொரு வருடமும் மழைக்குப் பிறகு வந்து பனி முடிந்ததும் போய்விடும், பூனைப்பருந்து. அவன் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"அண்ணி, இது அந்தப் படத்துல வந்ததுங்க. ரசியா பக்கம் புல்லுவெளியில கூடு கட்டுமே, அது."

"அதேதான். அங்க பனி விழறதுக்கு முன்னால கெளம்பி மலையெல்லாம் தாண்டி வருது. வழியில எவ்ளோ காடு இருக்கும் பாரு. எதுலயும் எறங்காம இந்தப் பொட்டக்காட்ட தேடி வருது. ராத்திரிக்கு மரத்துல ஒக்காராது, புல்லுக்குள்ளதான் தூங்கும்."

திரும்பி வரும்போது வழியில், "நான் தப்பு பண்ணிட்டங்க அண்ணி" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏழாவது கையெழுத்து என்னோடதுடா" என்றேன். அன்றைக்கே இரண்டு பேரும் தலைவர் வீட்டுக்குப் போனோம். ஒன்றே ஒன்றுதான் கேட்டோம். சபையை இந்த முறை மேய்க்காலில் கூட்ட வேண்டும். கால்நடைக்குத்தான் தடை, மனிதருக்குத் தடையில்லை. அந்தம்மா யோசித்தார். மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்டோரா போடச் சொல்லிவிட்டார்.

அக்டோபர் இரண்டாம் தேதி ஊரே வந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் மழைக்குப் பிந்திய மேய்க்காலைப் பார்த்ததே அன்றைக்குத்தான். கயிற்றைக் குனிந்து கடந்து உள்ளே வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள். புல் காற்றில் ஏரித் தண்ணீர் மாதிரி அலையடித்துக்கொண்டிருந்தது. கதிரெல்லாம் வெயில் பட்டு ஊதாவும் செம்பும் கலந்த நிறம். "இது நம்ம மேய்க்காலா?" என்று யாரோ கேட்டார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாரின் வெள்ளை வேட்டி முழுக்க ஊசிப் புல் குத்திக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே நடந்து வந்தார்.

பருந்து மட்டும் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. கொழுந்தன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிராமசபை இருப்பது அதற்கு என்ன தெரியும். அதனால் அவன் எல்லாரையும் அகழிக்குக் கூட்டிப்போனான். இறங்கி நின்று, புல்லைத் தொட்டு, வேரைத் தொட்டுக் காட்டினான். "இவ்ளோ நாளு நான் நட்ட எல்லா மரத்தையும் விட இது பெருசுங்க. நான் பாதியத்தான் பாத்தன், மேல் பாதிய. எங்கண்ணி முழுசாப் பாத்தாங்க" என்றான். நண்பர்களோடு சேர்ந்து அகழியைத் தானே மூடித் தருவதாகவும் கன்றுகளை ஏரிக்கரைக்கு மாற்றுவதாகவும் சொன்னான்.

வாத்தியார் அகழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "முப்பது வருசம் பாடம் நடத்தினேன்மா. புல்வெளி எந்தெந்தக் கண்டத்துல இருக்குதுன்னு பசங்கள ஒப்பிக்க வச்சேன். இத சேத்துக்கல" என்று சொல்லிவிட்டு, வேட்டியில் மீதியிருந்த ஊசிகளோடு கையைத் தூக்கினார். முதல் கை அவருடையது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாத அளவுக்குக் கைகள் இருந்தன. ஆட்டுக்காரி என்று அன்றைக்குக் குரல் கொடுத்தவர்கூட இரண்டு கையையும் தூக்கினார். என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, "ஒட்டகச்சிவிங்கிக்கு எடம் கெடச்சாச்சு" என்றார். அழுகையும் சிரிப்பும் எனக்கு ஒன்றாக வந்தன.

வெள்வேல மர நிழலில் எழுத்தர் தீர்மானத்தை எழுதி முடித்துப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "போடுங்கக்கா."

"வாசிச்சுட்டுப் போடறன்."

"எல்லாம் சரியாத்தாங்க இருக்குது."

"அண்ணி வாசிக்கட்டும் விடுங்க" என்றான் கொழுந்தன்.

நின்றுகொண்டே சத்தமாக வாசித்தேன், தேதியிலிருந்து தொடங்கி. ஊர் முழுக்கக் காத்திருந்தது. இரண்டாம் பக்கத்தில், 'மேற்படி தரிசு நிலத்தில்' என்று பழக்கதோஷத்தில் எழுதியிருந்தார். நிறுத்தினேன். "அத அடிச்சிட்டுப் புல்வெளின்னு எழுதுங்க" என்றேன். எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையாட்டினார். அடித்துவிட்டுப் புல்வெளி என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்கினார். கீழே பட்டியில் என் ஆடுகள் கத்துவது அங்கேவரை கேட்டது. சனிக்கிழமை கயிறு அவிழ்ந்ததும் உள்ளே வரப்போகிறவைதான், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். மீதி வரிகளையும் வாசித்து முடித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.